கஞ்சாவிலிருந்து வலி மருந்து: சட்டம் எதை அனுமதிக்கிறது, இன்று கையில் கிடைப்பது எது?

‘சர்க்கரை நோயில் கால் எரிகிறவர்களுக்குக் கஞ்சா எண்ணெய் நன்றாகக் கேட்கிறதாமே, பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுப்பார்களா?’ மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் வலியோடு இருப்பவர்களின் வீடுகளில் இந்தக் கேள்வி இப்போது புழங்குகிறது. கைப்பேசியில் வரும் விளம்பரங்கள் ஒரு காரணம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் சொல்வது இன்னொரு காரணம்.

நேரடியான பதில்: எழுதிக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் வலிக்கு அரசு தர வேண்டியவை சில உண்டு. எண்ணெய்க்கு அலைகிற பலர் அவற்றைக் கேட்டுப் பெறுவதில்லை.

முதலில் ஆராய்ச்சி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடலாம். கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. போதை தருவது டி.எச்.சி.; 1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கவோனியும் அதைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார்கள். போதை தராதது சி.பி.டி. நம் உடலில் டி.எச்.சி. போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிக்கு சி.பி.1 என்று பெயர். அது மூளையிலும் இருக்கிறது, கை கால்களுக்குப் போகும் வலி நரம்புகளிலும் இருக்கிறது. சிக்கலே இதுதான். ஒரே மதகிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மதகைத் திறந்தால் வலி தணியும் வாய்க்காலிலும் தண்ணீர் பாயும், போதை ஏறும் வாய்க்காலிலும் பாயும். ஒன்றை மட்டும் நனைப்பது எப்படி என்பதைத்தான் உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் தேடிக்கொண்டிருக்கின்றன.

ஒரு வழி, மூளைக்குள் நுழைய முடியாதபடி மருந்தை வடிவமைப்பது. 2025இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைச் செய்து காட்டியது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுஸ்ருத மஜும்தார் உள்ளிட்டோர், மின்னேற்றம் கொண்ட விஐபி36 என்ற மூலக்கூறை உருவாக்கினார்கள். அந்த மின்னேற்றத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் புகாது. சி.பி.1 ஏற்பிக்குள் வழக்கமாக மூடியிருக்கும் ஒரு சிறு பையில் போய் ஒட்டுகிறது. நரம்பு வலி குறைந்தது. திரும்பத் திரும்பக் கொடுத்தபோதும் அதன் வேகம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் இதெல்லாம் எலிகளில் கண்டது. மனிதருக்கான மருந்தாக வரப் பல ஆண்டுகள் ஆகும், வராமலும் போகலாம். இன்னொரு வழியாக, உடலே சுரக்கும் கன்னாபினாய்டு போன்ற பொருளைக் கரையவிடாமல் தடுத்தால் வலி குறையும் என்ற எண்ணத்தில் உருவான ஒரு மருந்தை, 2016 ஜனவரியில் பிரான்சின் ரென் நகரில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவர் இறந்தார், சிலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். ‘இந்த வழியில் வலியை அடக்கினால் என்ன ஆகிவிடும்’ என்று சொல்பவர்களுக்கு இதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

இன்று சந்தையில் உள்ள சி.பி.டி. எண்ணெயைப் பொறுத்தவரை, நாள்பட்ட வலிக்கு அது கேட்கிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2021இல், வலிக்குக் கன்னாபினாய்டுகளைப் பொதுவாகப் பயன்படுத்துவதைத் தன்னால் ஆமோதிக்க முடியாது என்று அறிவித்தது. அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் பெற்ற சி.பி.டி. மருந்து குழந்தைகளுக்கு வரும் அரிய வகை வலிப்பு நோய்களுக்கானது, வலிக்கானது அல்ல. வலிப்புக்கும் வலிக்கும் விளம்பரக்காரர்கள் வேறுபாடு பார்ப்பதில்லை.

சட்டம் சொல்வது

போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 1985 கஞ்சாவை முழுக்க மூடிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவு பயிரிடுவது, வைத்திருப்பது, விற்பது, கடத்துவது எல்லாவற்றையும் தடை செய்கிறது; அதே பிரிவு மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் உரிய அனுமதியோடு விலக்கும் தருகிறது. அந்த விலக்கைப் பயன்படுத்தித்தான் ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஒருங்கிணைந்த மருத்துவ ஆய்வு நிறுவனம், தன் சத்தா பண்ணையில் கஞ்சாச் செடி வளர்த்து, நரம்பு வலி, புற்றுநோய், வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்தை ஆராய்ந்துவருகிறது.

சட்டத்தின் பார்வையில் ‘கஞ்சா’ என்பது செடியின் பூ, காய் உள்ள நுனிகள். நுனி சேராத தனி இலையும் விதையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. இணையத்தில் ‘விஜயா’ என்ற பெயரில் விற்கும் எண்ணெய்கள் இந்த இடைவெளியில்தான் நிற்கின்றன. இலையிலிருந்து எடுத்த சாறு என்று சொல்லி, ஆயுர்வேத மருந்துக்கான மாநில உரிமம் பெற்று, மருத்துவர் சீட்டின் பேரில் விற்கிறார்கள். முறையாகச் செய்தால் அது குற்றமல்ல. ஆனால் இலையிலும் டி.எச்.சி. உண்டு. ஆகவே ‘போதையே இல்லாத வலி மருந்து’ என்று மேலே சொன்ன ஆய்வுக்கும் இந்தக் குப்பிக்கும் சம்பந்தமில்லை.

அப்படியொரு குப்பி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டது என்றால் அதைத் திருப்பிப் பாருங்கள். உற்பத்தி உரிம எண் இருக்க வேண்டும். எந்தச் சாறு எத்தனை மில்லிகிராம் என்று இருக்க வேண்டும். மருந்து விதிகளின் இ-1 அட்டவணையில் உள்ள நச்சுப் பொருள் சேர்ந்த ஆயுர்வேத, சித்த மருந்துகளின் மேலுறையில், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை கட்டாயம். பங்கி, அதாவது கஞ்சா இலை, அந்த அட்டவணையில் இருக்கிறது. விதி கேட்பது ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. எனவே வலங்கைமானில் இருக்கும் பாட்டிக்கு அந்த எச்சரிக்கையை யாராவது வாசித்துச் சொன்னால்தான் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர், வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர், கல்லீரல் கோளாறு உள்ளவர் ஆகியோர் தங்கள் மருத்துவரிடம் காட்டாமல் இதைத் தொடவே கூடாது. சி.பி.டி. அந்த மருந்துகள் உடலில் கரையும் வேகத்தையே மாற்றிவிடும். அறுவடை இயந்திரம் ஓட்டுபவருக்கும் இது ஆகாது.

பூவிலிருந்து எடுத்த எண்ணெய் என்றால் கதை வேறு. அது நேராகச் சட்டத்துக்குள் வருகிறது. ‘சிறிய அளவு இருந்தால் வழக்கு இல்லை’ என்பது டீக்கடைச் சட்டம். கஞ்சாவுக்குச் சிறிய அளவு என்பது ஒரு கிலோவுக்குக் குறைவு. அதற்கும் ஓராண்டு வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. 20 கிலோவுக்கு மேல் போனால் வணிக அளவு. குறைந்தது பத்தாண்டு கடுங்காவல். இதோடு 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டமும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. மதுவோடு போதைப்பொருள்களையும் அது தொடுகிறது. வேதாரண்யம், கோடியக்கரைக் கடலோரத்தில் இலங்கைக்குப் போகும் கஞ்சா மூட்டைகள் அடிக்கடி பிடிபடுகின்றன. வலிக்காக வைத்திருந்தேன் என்ற வாதம் இந்த வட்டாரத்துச் சோதனைச் சாவடியில் எளிதில் எடுபடாது.

வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னும் கடுமையாகச் சொல்ல வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஒருவர் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். கனடாவில் கடையில் ரசீதோடு வாங்கிய எண்ணெய் என்பதெல்லாம் இங்கே காப்பு ஆகாது. அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவருவதே தனிக் குற்றம். சிங்கப்பூர் வழியாக வந்தால் அந்த நாட்டுச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அங்கே 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் மரண தண்டனை. ‘அப்பாவுக்கு முட்டி வலி, ஒரு குப்பி வாங்கி வாப்பா’ என்று மகனிடம் சொல்லும் முன் இதை யோசியுங்கள்.

விவசாயிகள் கேட்கும் கேள்வியும் ஒன்று உண்டு. உத்தராகண்டில் 2018 முதல் டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்கு மிகாத நார்வகைக் கஞ்சாச் செடியைப் பயிரிட உரிமம் தருகிறார்கள், நமக்கு ஏன் இல்லை? நார், விதை, தோட்டக்கலை ஆகியவற்றுக்காக அரசு ஆணை பிறப்பித்துப் பயிரிட விடலாம் என்று அதே 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. ஆணை இல்லாமல் நட்டால் பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும். தண்ணீர் வராத ஆண்டில் மாற்றுப் பயிர் தேடுவது நியாயம்தான். ஆனால் வலி மருந்தை நம்பி இதில் இறங்க ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். விஐபி36 போன்றவை ஆய்வுக்கூடத்தில் வேதிப்பொருள்களிலிருந்து செய்யப்படுபவை. அந்த மருந்து வெற்றி பெற்றாலும் அதற்கு ஒரு செடிகூட வேண்டியதில்லை.

ஆய்வில் சேர அழைத்தால்

இத்தகைய மருந்தை இந்தியாவில் மனிதரிடம் சோதிக்க வேண்டுமானால், புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் 2019இன்படி மத்திய மருந்து அதிகாரியின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். ஆய்வை இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிய வேண்டும். அந்தப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும், அதற்கு மேல் இழப்பீடும் உரிமை. ஆணை வந்த 30 நாட்களுக்குள் ஆய்வை நடத்தும் நிறுவனம் பணத்தைச் செலுத்த வேண்டும். ஆய்வு மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்டாலே அது ஆய்வுதானா என்று சந்தேகப்படுங்கள்.

இன்றைய வலிக்கு

இருபது முப்பது ஆண்டுகள் குனிந்து நாற்று நட்ட பெண்களின் இடுப்பு வலியும், சர்க்கரையால் வரும் கால் எரிச்சலும், புற்றுநோயின் வலியும் ஒரே வலி அல்ல. ஒரே மருந்தும் கேட்காது. இரவில் கால் எரிகிறது என்று பாயை விட்டு நகர்ந்து, பாதத்தை வெறும் சிமெண்டுத் தரையில் வைத்துக்கொண்டு படுப்பவர்களை நம் வீடுகளிலேயே பார்க்கலாம். அது நரம்பு வலி. மெடிக்கலில் போய் ‘வலிக்கு இரண்டு மாத்திரை’ என்று கேட்டால் கிடைக்கும் டைக்ளோஃபெனாக் அதற்குப் பெரிதாக உதவாது. தினம் விழுங்கினால் சிறுநீரகத்தைத்தான் கெடுக்கும், அதுவும் சர்க்கரை நோயாளிக்கு. நரம்பு வலிக்கென்றே அமிட்ரிப்டிலின், கபாபென்டின், ப்ரீகாபலின், டியூலாக்செட்டின் போன்ற மருந்துகள் உண்டு. மருத்துவரிடம் ‘வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லாமல் எரிகிறதா, மரத்துப்போகிறதா, ஊசி குத்துகிறதா என்று சொல்லுங்கள். சீட்டில் என்ன எழுதப்படும் என்பது அதைப் பொறுத்தது.

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தை ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டுக்கு வரும் திட்டமாக மட்டுமே பலர் அறிந்திருக்கிறார்கள். அதில் வீட்டுக்கே வந்து தரும் இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் வலியையும் வேதனையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. கட்டணம் இல்லை. உங்கள் ஊருக்கு மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ ‘எங்கள் வீட்டில் நோய் ஆதரவு சிகிச்சை தேவைப்படுபவர் இருக்கிறார், பதிந்துகொள்ளுங்கள்’ என்று இதே சொற்களில் கேளுங்கள். வெறுமனே ‘முடியாமல் கிடக்கிறார்’ என்றால் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போய்விடக்கூடும். ஆள் தெரியவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம், அல்லது 104க்கு அழைக்கலாம்.

கடும் வலிக்கு, குறிப்பாகப் புற்றுநோய் வலிக்கு, மார்ஃபின்தான் மருந்து. இதற்கும் அதே 1985ஆம் ஆண்டுச் சட்டம்தான். ஒரு காலத்தில் ஒரு மருத்துவமனை மார்ஃபின் வைத்திருக்கப் பல உரிமங்கள் வாங்க வேண்டியிருந்தது. எதற்கு வம்பு என்று மருத்துவமனைகள் ஒதுங்கிக்கொண்டன, நோயாளிகள் வலியோடு செத்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி ‘அத்தியாவசிய போதை மருந்துகள்’ என்று ஒரு வகையை உண்டாக்கினார்கள். மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், கோடீன், ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் ஆகிய ஆறும் அதில் அடங்கும். மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை இவற்றை வைத்திருந்து கொடுக்கலாம். மருத்துவப் பயன்பாட்டுக்கு இவை கிடைக்கச் செய்வதும் அரசின் கடமை என்று அந்தத் திருத்தம் சட்டத்திலேயே எழுதிவைத்தது. கஞ்சா சார்ந்த எதுவும் இந்த ஆறில் இல்லை.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மயிலாடுதுறைக்காரர்கள் முதலில் தங்கள் அரசுத் தலைமை மருத்துவமனையில் கேட்கலாம். எங்கே போனாலும் கேட்க வேண்டியது மூன்று: மார்ஃபின் மாத்திரை இங்கே இருப்பு உண்டா, நோயாளி எழுந்து வர முடியாவிட்டால் அடுத்த முறை யார் வந்து வாங்கலாம், அதற்கு என்னென்ன காகிதம் வேண்டும். சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேகம் நான்கு மணி நேரம்தான். அதனால் வலி வந்த பிறகு போடுவதில்லை, கடிகாரம் பார்த்துப் போட வேண்டும். மலச்சிக்கல் நிச்சயம் வரும் என்பதால் அதற்கான மருந்தும் முதல் நாளே சீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மாத்திரையைப் பூட்டி வையுங்கள். நோயாளி காலமான பிறகு மீந்திருப்பதை அடுத்த வீட்டு முதுகு வலிக்குக் கொடுத்துவிடாமல், கொடுத்த மருத்துவமனையிலேயே திருப்பி ஒப்படைத்து, அவர்கள் பதிவேட்டில் வரவு வைப்பதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.