பூனையின் சிறுநீர்ப்பையில் ஒரு கல் எப்படிக் கரைகிறது?

தலவாக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய ஐந்து வயதுக் கடுவன் பூனை, ஒரு பகல் முழுவதும் மண் தட்டில் குந்துவதும் முக்குவதும், ஒரு சொட்டும் விழாமல் எழுந்து போய் அடித்தொண்டையில் கத்துவதுமாக இருந்திருக்கிறது. மிருக வைத்தியர் குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்றியபின், எக்ஸ்ரே படத்தில் சிறு கற்கள் தெரிவதைக் காட்டி, அறுவைச் சிகிச்சையைப் பற்றி யோசிக்குமுன் சில வாரங்கள் உணவை மாற்றிப் பார்ப்போம் என்றாராம். “கல்லைச் சாப்பாடு எப்படிக் கரைக்கும் ஐயா?” என்பது அவருடைய கேள்வி.

பதிலுக்கு முன் ஓர் எச்சரிக்கை. கடுவன் பூனையின் சிறுநீர்வழி நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் அகலமே உடையது. மணல் போன்ற துகளும் சளியும் சேர்ந்தாலே அது அடைபட்டுவிடும். அடைபட்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறி, இரண்டு மூன்று நாட்களில் உயிர் போய்விடலாம். அந்த நிலையில் எந்த உணவும் உதவாது. அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும். இரவில் பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று விளக்குமாற்றால் அதை மழைக்குள் விரட்டும் வழக்கம் நம் லயங்களிலும் நகர வீடுகளிலும் இன்னும் இருக்கிறது. வலியால் கதறும் ஒரு பிராணியின் குரலைச் சகுனமாகக் கேட்பது பிழை மட்டுமல்ல, கொடுமையும்கூட. வலி என்று புரிந்துகொண்டவர்கள் சிலர் இரக்கப்பட்டு அரைப் பனடோலைக் கரைத்து ஊற்றுகிறார்கள். பூனையின் ஈரலால் அந்த மருந்தைப் பாதுகாப்பாக முறித்து வெளியேற்ற முடியாதாகையால், அதுவே அதைக் கொன்றுவிடும்.

இனிக் கல்லுக்கு வருவோம். பூனையின் சிறுநீர்ப்பையில் பெரும்பாலும் காணப்படுபவை இரண்டு வகை. ஒன்று ஸ்ட்ரூவைட்; மற்றது கல்சியம் ஒட்சலேற்று. உணவால் கரையக்கூடியது முதலாவது மட்டுமே. 1845 ஆம் ஆண்டளவில் ஹம்பர்க் நகரில் ஒரு தேவாலயத்துக்கான நிலத்தைத் தோண்டியபோது, பழைய கழிவுக் குவியலுக்குள் கிடைத்த பளிங்குகளுக்கு வைக்கப்பட்ட பெயர் அது. மக்னீசியம், அமோனியம், பொஸ்பேற்று ஆகிய மூன்று அயன்கள் (மின்னேற்றம் கொண்ட துகள்கள்), ஆறு நீர் மூலக்கூறுகளோடு கைகோத்து அடுக்கப்பட்டதே ஸ்ட்ரூவைட். மூன்றும் ஆரோக்கியமான பூனையின் சிறுநீரில் எப்போதும் இருப்பவைதான். நாய்களில் இந்தக் கல் பெரும்பாலும் பக்ரீரியாத் தொற்றால் உருவாகிறது. பூனைகளில் பெரும்பாலும் தொற்றே இல்லாமல், சிறுநீரின் செறிவாலும் காரத்தன்மையாலும் உருவாகிறது. ஆகவேதான் உணவுக்கு இங்கே இவ்வளவு அதிகாரம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மிருக வைத்தியரின் அறையில் இந்தப் பளிங்குகளை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். சவப்பெட்டியின் மூடியைப் போல, நிறமில்லாமல், விளிம்புகள் கூராகச் செதுக்கியவை போல் கிடந்தன. அவர் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் வினாகிரியில் உள்ள அசற்றிக் அமிலத்தை ஐதாக்கி ஒரு சொட்டு விட்டார். அமிலம் ஊறிவர, முதலில் மூலைகள் மழுங்கின; பிறகு மூடிகள் மெலிந்தன; சற்று நேரத்தில் அந்த இடம் வெறும் நீராக இருந்தது. கல் என்ற சொல் நம்மை ஏமாற்றிவிடுகிறது. அது எந்நேரமும் தன் மேற்பரப்பிலிருந்து அயன்களை நீருக்குள் விட்டுக்கொண்டும், நீரிலிருந்து அயன்களைத் திரும்ப எடுத்துக்கொண்டும் இருக்கிறது. எடுப்பது மிஞ்சினால் வளர்கிறது, விடுவது மிஞ்சினால் கரைகிறது.

அமிலம் எப்படித் தராசைச் சாய்க்கிறது? பளிங்கின் அடுக்கில் உட்கார வேண்டுமானால் பொஸ்பேற்று அயன் தன் மூன்று எதிர் ஏற்றங்களோடும் வெறுமையாக இருக்க வேண்டும். சிறுநீர் அமிலமாகும்போது ஐதரசன் அயன்கள் பெருகி, ஒவ்வொன்றாக வந்து பொஸ்பேற்றைப் பற்றிக்கொள்கின்றன. ஒன்று பற்றினாலே அது அந்த அடுக்குக்குப் பொருந்தாது; அமிலம் இன்னும் கூடும்போது இரண்டாவதும் வந்து ஒட்டுகிறது. இப்படி இரண்டு ஐதரசன்கள் சேர்ந்து தொழிற்படுவதால்தான் விளைவு நாம் எதிர்பார்ப்பதைவிடப் பெரிதாகிறது: அமிலம் கூடக் கூடக் குறையும் அளவுகோலான பி.எச். பெறுமானம் 7 இலிருந்து 6 ஆகக் குறையும்போது ஐதரசன் அயன்கள் பத்து மடங்குதான் கூடுகின்றன, ஆனால் வெறுமையாக நிற்கும் பொஸ்பேற்று ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. மக்னீசியமும் அமோனியமும் அங்கேயே நின்றாலும், மூன்றாவது ஆள் வராமல் சுவர் எழாது; எழுந்த சுவரும் கல் கல்லாகக் கழன்று போகும்.

அந்த அமிலம் இறைச்சியிலிருந்து வருகிறது. இறைச்சிப் புரதத்தில் உள்ள கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களை, குறிப்பாக மெதியோனினை, உடல் ஒட்சியேற்றும்போது சல்பேற்றோடு ஐதரசன் அயன்களும் வெளியாகி, சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றன. எலி பிடித்துத் தின்னும் பூனையின் சிறுநீர் இயல்பாகவே அமிலமானது. தாவர உணவு பொதுவாகச் சிறுநீரைக் காரப் பக்கம் தள்ளுகிறது. ஒரு சட்டிச் சோற்றில் நாலு நெத்தலிக் கருவாட்டைப் பிசைந்து வைக்கும் நம் வழக்கத்தில் புரதம் குறைவு. கருவாட்டின் எலும்போடு மக்னீசியமும் பொஸ்பரசும் சேர்ந்து வருகின்றன.

அப்படியானால் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கொடுக்கவே கூடாது. தகட்டில் நடப்பது வேறு, உடம்பில் நடப்பது வேறு. உடலில் அமிலம் மிதமிஞ்சினால் அதைச் சமப்படுத்த எலும்பிலிருந்து கல்சியம் கழன்று சிறுநீருக்கு வரும், மற்ற வகைக் கல்லுக்கு அதுவே மூலப்பொருள். 1980களில் பூனை உணவுகளை அமிலமாக்கி மக்னீசியத்தைக் குறைத்தபோது ஸ்ட்ரூவைட் குறைந்தது. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் அமெரிக்க ஆய்வுகூடங்களுக்கு வந்த கற்களில் கல்சியம் ஒட்சலேற்று முந்திக்கொண்டது. ஒட்சலேற்றுக் கல்லை எந்த உணவாலும் கரைக்க முடியாது. பெரும்பாலும் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே அமிலத்தைவிட நான் நம்புவது தண்ணீரை. வீட்டுப் பூனையின் மூதாதை வட ஆபிரிக்க, மேற்காசிய வறண்ட நிலங்களின் காட்டுப் பூனை. அது தன் இரையிலிருந்தே நீரைப் பெற்றது. ஓர் எலியின் உடலில் ஏறத்தாழ 70 வீதம் நீர். அந்தப் பரம்பரையின் சிறுநீரகம் மனிதச் சிறுநீரகத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகச் சிறுநீரைச் செறிவாக்க வல்லது. தாக உணர்வோ மந்தமானது. அப்படிப்பட்ட பிராணிக்கு 10 வீதம்கூட நீரில்லாத உலர் பூனை பிஸ்கட்டைக் கொடுத்தால், பக்கத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தாலும் அது குறைவைச் சரியாக ஈடுசெய்வதில்லை.

சிறுநீரின் அளவு இரட்டிப்பாகி, ஒவ்வோர் அயனின் செறிவும் பாதியாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரூவைட் மூன்று அயன்களின் கூட்டு. கல் வளர்வதா கரைவதா என்பது அவற்றின் செறிவுகளின் பெருக்கத்தைப் பொறுத்தது. பாதியைப் பாதியால் பெருக்கி, மீண்டும் பாதியால் பெருக்கினால் எட்டில் ஒன்று. ஒட்சலேற்றுக் கல்லில் இரண்டு அயன்கள் என்பதால் நாலில் ஒன்று. அமிலம் ஒரு கல்லுக்கு மருந்தாகி இன்னொன்றுக்கு உரமாகிறது. தண்ணீரோ இரண்டுக்குமே எதிரி. கல்லும் தொற்றும் இல்லாமலே சிறுநீர்ப்பை அழன்று துன்பப்படும் பூனைகளும் உண்டு. சிறுநீர்க் கோளாறோடு வரும் பூனைகளில் பாதிக்கு மேல் அவையே. அவற்றுக்கும் ஈர உணவு துணை செய்கிறது: 1999 இல் வெளியான ஓர் ஆய்வில், ஓராண்டுக்குள் நோய் திரும்பியது உலர் உணவு தின்றவற்றில் 39 வீதத்துக்கு, ஈர உணவு தின்றவற்றில் 11 வீதத்துக்கு.

கல் கரைக்கும் மருத்துவ உணவுகள் இறக்குமதியாகின்றன. 2022 இல் ரூபாய் சரிந்தபின் அவற்றின் விலை ஓர் ஆசிரியையின் சம்பளத்துக்கே பாரம், தோட்டத் தொழிலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. உலகில் நடக்கும் பூனை உணவு ஆராய்ச்சியில் பெரும்பகுதிக்குப் பணம் கொடுப்பவை உணவு தயாரிக்கும் நிறுவனங்களே. சோறும் கருவாடும் தின்னும் மலையகப் பூனையின் சிறுநீரை அவர்கள் அளக்கப் போவதில்லை. பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் போன்ற இடங்களுக்கு இதற்கென அரசு சிறு தொகை ஒதுக்குவது வீண்செலவல்ல என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை செய்யக்கூடியது, கரைக்கும் உணவை வைத்தியர் சொன்ன காலத்துக்கு மட்டும் வாங்கி, அதோடு வேறெதையும் கலக்காமல் கொடுப்பது. அதிலேயே இளஞ்சூட்டு நீரை முதல் நாள் ஒரு தேக்கரண்டி, பிறகு மெல்ல மெல்லக் கூட்டிச் சேர்ப்பது. நுவரெலியாக் குளிரில் சில்லிட்ட தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பும் பூனை, வெதுவெதுப்பான நீர் ஊறிய உணவை நக்கித் தின்பதுண்டு. மழை விடாத நாட்களில் வெளியே போக மனமின்றிச் சிறுநீரை அடக்காதிருக்க, வீட்டுக்குள் மண் தட்டு இருக்கட்டும். சிகிச்சை முடிந்தபின் கோழியோ மீனோ அவித்துக் கொடுப்பவர்கள் உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல், அவித்த நீரையும் ஊற்றிக் கொடுக்க வேண்டும். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் இன்றியமையாத டோரின் என்ற சத்து அந்த நீரில்தான் இறங்கியிருக்கிறது. அவித்த இறைச்சி மட்டுமே முழு உணவாகாது, அதில் கல்சியம் போதாது.

கல் கரைந்ததை எப்படி அறிவது என்றும் வாசகி கேட்டிருக்கிறார். இரண்டு முதல் நான்கு வாரங்களில் மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். கல் சிறுத்திருந்தால் அது ஸ்ட்ரூவைட்; கொஞ்சமும் சிறுக்கவில்லையென்றால் பெரும்பாலும் ஒட்சலேற்று, அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். படத்தில் ஒன்றுமே தெரியாவிட்டாலும் அன்றே பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம். எக்ஸ்ரேயில் விழாத அளவு சிறிய மணிகள் உள்ளே இருக்கலாம், அவையும் கரைந்து முடிய வைத்தியர்கள் வழக்கமாக இன்னும் ஒரு மாதம் அதே உணவைத் தொடரச் சொல்வார்கள்.