அளவு சரி, அடர்த்தி சரியா? வைர செக்மென்ட் அழுத்துவோர் கவனத்துக்கு

கிரானைட் அறுக்கும் பிளேடின் விளிம்பில் பற்றவைக்கும் செக்மென்ட், கோபால்ட் பவுடரும் செயற்கை வைரத் துகளும் கலந்து கிராஃபைட் மோல்டில் சூட்டோடு அழுத்தி எடுப்பது. ஹாட் பிரஸ்ஸிலிருந்து வந்ததும் வெர்னியர் வைத்துப் பார்த்து, 40 × 10 × 3.2 மி.மீ. இருந்தால் பெட்டியில் போட்டுவிடும் பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. அது போதாது. பஞ்ச் (அழுத்தும் தண்டு) ஸ்டாப்பர் எனும் தடுப்பு வரை இறங்கிவிட்டால், பவுடர் குறைவாக இருந்தாலும் அளவு சரியாகவே காட்டும். குறைந்த இடமெல்லாம் நுண்துளையாக உள்ளே இருக்கும்.

அதனால் எடையைத்தான் நம்ப வேண்டும். மேலே சொன்ன செக்மென்ட்டின் கன அளவு 1.28 கன செ.மீ. வைரச் செறிவு (100 என்றால் கன அளவில் 25 சதவீதம்) 30 என்றால் 7.5 சதவீதம் வைரம், அதாவது சுமார் 1.7 காரட். மீதி கோபால்ட் 10.54 கிராம். மொத்தம் 10.88 கிராம், துளையே இல்லாத முழு அடர்த்தி கன செ.மீ.க்கு 8.5 கிராம். காற்றிலும் நீரிலும் எடை போட்டு அடர்த்தியைக் கணக்கிட்டு, 8.24-க்குக் கீழே, அதாவது 97 சதவீதத்துக்குக் கீழே வந்தால் ஒதுக்கிவிடுங்கள். நீரில் போட்டதும் குமிழி விட்டால் துளை மேற்பரப்பு வரை திறந்திருக்கிறது. நீர் உள்ளே புகுந்து, அடர்த்தியை இருப்பதைவிடக் கூட்டிக் காட்டும். மெல்லிய வார்னிஷ் பூசி மறுபடி நிறுங்கள்.

குறைக்குக் காரணம் பெரும்பாலும் அழுத்தக் கணக்கு. பிரஸ்ஸின் அழுத்த மானி காட்டுவது எண்ணெயின் அழுத்தம், செக்மென்ட்டின் மேல் விழுவது அல்ல. சதுர செ.மீ.க்கு 350 கிலோ வேண்டுமென்றால், 40 × 3.2 முகமுள்ள 10 செக்மென்ட்டுக்கு ஏறத்தாழ 4.5 டன். அதே மானி அளவில் 6 மட்டும் போட்டால் ஒவ்வொன்றிலும் சதுர செ.மீ.க்கு 583 கிலோ விழும், கிராஃபைட் மோல்டு பிளக்கும். முழு அழுத்தத்தை ஆரம்பத்திலேயே கொடுத்தாலும் கேடுதான்: பவுடரைப் பிணைக்கும் பைண்டர் எரிந்த வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளே சிக்கும். கலவையில் வெள்ளீயம் இருந்தால் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகி இடுக்கு வழியாகப் பிதுங்கும். முதலில் லேசான அழுத்தம். சூடு ஏறிய பிறகே முழு அழுத்தம். கோபால்ட்டுக்கு 850 முதல் 900 டிகிரி, 3 நிமிடம். இன்னும் இறுகட்டும் என்று சூட்டை ஏற்றினால் கோபால்ட்டே வைரத்தின் மேற்பரப்பைக் கிராஃபைட்டாக மாற்றத் தொடங்கும். அடர்த்தி கிடைக்கும், வெட்டும் வலு போய்விடும்.

நுண்துளை மிகுந்த செக்மென்ட்டில் பிடிப்பு இல்லாமல் வைரம் சீக்கிரமே உதிரும். உடைந்து பறந்தால் ஆபத்து ஆளுக்கு. 350 மி.மீ. பிளேடு நிமிடத்துக்கு 1,600 சுற்றில் சுழலும்போது விளிம்பின் வேகம் மணிக்குச் சுமார் 106 கி.மீ.

இதைவிடக் கவலை தருவது பவுடர் கலக்கும் அறை. கோபால்ட் தூசி ஆஸ்துமாவையும், தோலில் ஒவ்வாமையையும், மீளாத நுரையீரல் தழும்பையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் கோபால்ட் தட்டில் வைரம் பட்டை தீட்டியவர்களிடம் இந்த நுரையீரல் நோய் பதிவாகியிருக்கிறது. 2022-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை கோபால்ட் உலோகத்தை 2ஏ பிரிவில், அதாவது மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவற்றில் சேர்த்தது. துணி முகமூடி இதைத் தடுக்காது. நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டியுள்ள முகக்கவசம் வேண்டும். மேசையை ஏர் கன்னால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வேலைச் சட்டையை வீட்டுக்கு எடுத்துப்போகாதீர்கள்.

விடுமுறையில் குறைந்து, வேலைக்கு வந்ததும் திரும்பும் இருமலை வெறும் சளி என்று விட்டுவிடக் கூடாது. மருத்துவரிடம் போகும்போது பவுடர் டப்பாவின் லேபிளைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.