‘சூடாகப் பரிமாறவும்’... அப்புறம்?

சமையல் குறிப்பு எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘சூடாகப் பரிமாறவும்’ என்று முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். உணவியல் ஆலோசகராக என் முன்னால் வந்து உட்காருகிறவர்களிடம் விசாரித்தால், வயிற்றுக் கோளாறின் கதை பல நேரம் அந்த வரிக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கும். மத்தியானம் வடித்த சோறு ராத்திரி வரை அடுப்பு மேடையிலேயே இருந்திருக்கும். “கெட்ட வாடை எதுவும் வரலையே, ஆவி பறக்கச் சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்?” என்பார்கள்.

சோற்றில் அங்கேதான் வில்லங்கம். அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும் மணிநேரங்களில் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. மறுபடி சூடுபண்ணினால் பாக்டீரியா சாகலாம். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு அழியாது. மூக்குக்கும் தெரியாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது எளிது: சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிராகவோ வையுங்கள். ஆனால் ஆழமான பாத்திரத்தில் மேலே தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் கரண்டியை விட்டால் இன்னும் சுடும். அகலமான தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்புங்கள், ஆவி சீக்கிரம் அடங்கும். பிறகு சின்னச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைக்கலாம். முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் உள்ளே வைக்க வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

இவ்வளவையும் குறிப்புகளில் ‘ஆறவிடவும்’ என்ற ஒரே சொல்லில் தாண்டிவிடுகிறோம். வெங்காயம் எந்த நிறத்துக்கு வதங்க வேண்டும் என்பதற்கு மட்டும் மூன்று வரி!

நினைவுகளைக் குழைத்து எழுதும் சமையல் எழுத்து எனக்கும் பிடிக்கும். கண்ணளவும் கைப்பக்குவமும் படிக்கச் சுகம்தான். ‘உப்பு தேவையான அளவு’ என்பதோடுகூட எனக்குச் சண்டையில்லை, ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் சரி. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் 50 நாளாவது வர வேண்டும். அதற்கு முன்பே தீர்ந்தால் கை தாராளம் என்று அர்த்தம். வெளியே வாங்கித் தின்பது இதில் சேராது.

ராஜ்மா விஷயத்தில் கைப்பக்குவம் உதவாது. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. 5 மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். 100 டிகிரியில் 10 நிமிடம் போதும் என்றாலும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பாதுகாப்புக்காக 30 நிமிடம் என்கிறது. மெதுவாக வேகவைக்கும் மின்பானையில் நேரடியாகப் போட்டால், அந்தக் குறைந்த சூட்டில் நஞ்சு அழியாமல் தங்கிவிடும். அரைவேக்காட்டில் வீரியம் இன்னும் கூடுவதும் உண்டு. இதைச் சொல்லாத ராஜ்மா குறிப்பு எனக்கு அரைகுறைக் குறிப்புதான், புகைப்படம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இன்னொன்று, பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு ஜாடியில் மாதக்கணக்கில் வைக்கச் சொல்லும் குறிப்புகள். மண்ணிலிருந்து பூண்டோடு வரும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகளுக்கு எண்ணெய்க்கடியில் காற்றில்லாத, புளிப்பில்லாத இடம் தோதானது. அது உண்டாக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சையே முடக்கும். கொஞ்சமாகச் செய்து, ஃபிரிட்ஜில் வைத்து, நான்கு நாளில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். செய்த தேதியை மூடியில் எழுதி ஒட்டினால் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.