ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய துணையைப் பார்த்து பூனை ஏன் சீறுகிறது?

அன்று ராத்திரி எங்கள் கடுவன் பூனை செவலை மண் தட்டில் உட்காருவதும் எழுந்திருப்பதுமாக இருந்தான். முக்குகிறான், ஒரு சொட்டுகூட வரவில்லை. அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒரு சத்தம் போட்டான். மியாவ் என்று அதைச் சொல்ல முடியாது, ஓலம் என்றுதான் சொல்ல வேண்டும். அவனோடு ஒரே ஈற்றில் பிறந்தவள் கருப்பாயி. அலமாரி மேல் தூங்கிக்கொண்டிருந்தவள் இறங்கி வந்து, தட்டுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அவன் எழுந்து போனதும் மண்ணை முகர்ந்தாள். பின்னாலேயே போய் அவன் வாலுக்கடியில் முகர்ந்தாள். அப்புறம் மேலுதட்டைச் சுருக்கி, வாயை லேசாகத் திறந்தபடி சில நொடிகள் அசையாமல் நின்றாள். கடைசியில் அவன் கழுத்தை நக்கிவிட ஆரம்பித்தாள்.

சிறுநீர்க் குழாய் அடைப்பு. கடுவன்களுக்கு அந்தக் குழாய் நுனியில் மிகவும் குறுகலாக இருப்பதால், பெட்டைகளைவிட அவற்றுக்கே இது அதிகம் வரும். முக்கி முக்கி ஒன்றும் போகவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளில் உயிர் போய்விடும். நாங்கள் அந்த ராத்திரியே தூக்கிக்கொண்டு ஓடினோம். மூன்று நாள் குழாய் போட்டு வைத்திருந்து, பிழைத்துவிட்டான் என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து கூடையைத் திறந்தபோது கருப்பாயி ஓடி வந்தாள். உடன்பிறந்தவனைக் கண்ட சந்தோஷம் என்று நாங்கள் நினைத்து முடிப்பதற்குள் அவள் காதுகள் பின்னால் மடிந்துவிட்டன. முதுகு வளைந்தது, வால் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி விரிந்தது. சீறினாள். நிற்கவே தெம்பில்லாமல் தள்ளாடிக்கொண்டிருந்தவன் முகத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

மூன்று நாள் முன்பு பக்கத்தில் உட்கார்ந்து நக்கிக் கொடுத்தவள் இவள்தான். ஒன்று பாசம், மற்றது கொடுமை என்றுதான் முதலில் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மனசு கஷ்டமாகக்கூட இருந்தது. பூனைகள் ஒன்றையொன்று எப்படி அடையாளம் காண்கின்றன என்று படித்துப் பார்த்த பிறகுதான், இரண்டையும் செய்தது ஒரே மூக்கு என்று புரிந்தது.

பூனைக்குக் கண் கூர்மை என்று நாம் நினைக்கிறோம். இருட்டில் அது உண்மைதான். ஆனால் நுணுக்கமாகப் பார்ப்பதில் மனிதக் கண்ணைவிடப் பூனையின் கண் பல மடங்கு மங்கல். மூக்குக்கு ஓர் அடி தூரத்துக்குள் இருப்பது அதற்குக் கலங்கலாகத்தான் தெரியும். ஆகவே துணைப் பூனையின் முகத்தைப் பார்த்து மட்டும் இன்னார் என்று அது முடிவு கட்டுவதில்லை. கிட்டே போய், மூக்கோடு மூக்கு வைத்து, வாசனையை வைத்துத்தான் தீர்மானிக்கும்.

அந்த வாசனை பிறந்ததிலிருந்து மாறாமல் வருவது அல்ல. அன்றாடம் சேர்ந்து செய்து வைப்பது. பூனையின் கன்னம், நெற்றி, தாடை, வால் அடி என்று பல இடங்களில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருக்கும் பூனைகள் கன்னத்தோடு கன்னம் தேய்த்து, விலாவோடு விலா உரசி, ஒன்றையொன்று நக்கி, மேலே மேலே விழுந்து தூங்கி, எல்லார் வாசனையையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றன. அந்தக் கூட்டு வாசனைதான் 'இது நம்ம ஆள்' என்பதற்கு அடையாளம். நம் காலை அது உரசிவிட்டுப் போவதும் இதே வேலைதான். தினமும் புதுப்பிக்காவிட்டால் அந்த வாசனை மங்கிவிடும்.

மூன்று நாளில் செவலையிடமிருந்து அது போய்விட்டது. அதற்குப் பதில் ஸ்பிரிட், டிஞ்சர், பிளாஸ்டர் ஒட்டிய பசை, யார் யாருடைய நாய்களோ, முன்பின் தெரியாத பூனைகளோ, எல்லாம் கலந்த ஒரு வாடை. இதற்கெல்லாம் மேல் பயத்தின் வாடை. மிரண்டுபோன பூனையின் ஆசனவாய் ஓரத்தில் இருக்கும் இரண்டு சிறு பைகளிலிருந்து கெட்ட நாற்றமுள்ள ஒரு திரவம் பீறிடும். மருத்துவர் மேஜையில் பூனையைப் பிடித்து வைத்திருந்தவர்களுக்கு அந்த நாற்றம் தெரியும். கருப்பாயியும் ஊசி போட்டுக்கொள்ள அதே இடத்துக்குப் போனவள்தான். அந்த வாடை அவள் நினைவில் எதோடு முடிச்சுப் போட்டுக் கிடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். செவலையின் உருவத்தில், ஆனால் செவலையின் வாசனை இல்லாமல், நடையும் கோணலாக ஒன்று வீட்டுக்குள் வருகிறது. அவள் அறைந்தது செவலையை அல்ல, அந்த அந்நியனை.

முதல் ராத்திரி வாயைத் திறந்து நின்றாளே, அதற்கும் இங்கே விளக்கம் உண்டு. பூனைக்கு மூக்கு தவிர இன்னொரு மோப்ப உறுப்பு இருக்கிறது. மேல் முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில் இரண்டு நுண்ணிய துளைகள். அவற்றின் வழியே போனால் ஜேக்கப்சன் உறுப்பு. சிறுநீரிலும் சுரப்பிகளிலும் வரும் ஃபெரோமோன்களை, அதாவது ஒரு பூனை இன்னொன்றுக்குச் சேதி சொல்லும் வேதிப்பொருள்களை, அது படிக்கும். உதட்டைச் சுருக்கி வாயைத் திறப்பது அந்தத் துளைகளுக்குள் வாசனையை இழுத்துவிடத்தான். 2014-ல் பூனையின் மரபணுத் தொகுதியை நாயின் தொகுதியோடு ஒப்பிட்டபோது, இந்த உறுப்புக்கான ஏற்பிகளைச் செய்யும் மரபணுக்கள் பூனைக்குத்தான் கூடுதல் என்று தெரிந்தது. மோப்பம் என்றாலே நாய் என்று பழகிவிட்ட நமக்கு இது புதுச் செய்தி.

சரி, வாசனை மாறியதென்றால் குழம்பட்டும். ஏன் அடிக்க வேண்டும்? நாய் இப்படிச் செய்வது அபூர்வமாயிற்றே?

இதற்கு விடை பூனையின் பூர்வீகத்தில் இருக்கிறது. வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. தனக்கென்று ஓர் எல்லை, தனியாக வேட்டை, தனியாகச் சாப்பாடு. ஓர் எலி ஒரு பூனைக்குத்தான் போதும், கூட்டுச் சேர்ந்து பிடிக்க அதில் ஒன்றுமில்லை. நாயின் மூதாதையான ஓநாய்க்கோ கூட்டம்தான் சோறு. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்காசியாவில் மனிதன் தானியம் சேர்த்து வைக்க, எலி வர, எலியைத் தேடிப் பூனை வந்தது. தீனி ஒரே இடத்தில் குவிந்து கிடந்ததால்தான் பக்கத்தில் பக்கத்தில் வாழப் பழகியது. சண்டை போட்டுவிட்டுச் சமாதானம் செய்துகொள்ளும் சடங்குகள் கூட்ட விலங்குகளிடம் நிறைய உண்டு. பூனையிடம் அவை மிகவும் குறைவு. அந்நியன் வந்தால் தூர விலகு, விலக முடியாவிட்டால் சீறு, அதற்கும் மேல் போனால் அடி. அதன் கையில் இருப்பது இவ்வளவுதான்.

ஆனாலும் இந்தத் தனிமைக்குள் ஒரு விதிவிலக்கு இருந்தது, தாயும் குட்டியும். பூனைக்குள் இருக்கும் கூட்டு வாழ்க்கை எல்லாம் அங்கிருந்து முளைத்தது என்றே நான் நினைக்கிறேன். தெருவில், மீன் சந்தையில், பண்ணைத் தொழுவத்தில் கூட்டமாக வாழும் பூனைகளைப் பார்த்தால் நடுவில் இருப்பவை தாய், மகள், சின்னம்மா என்று உறவுள்ள பெட்டைகள். ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுக்கும்.

குட்டியின் கத்தல் அந்தப் பெட்டைகளுக்குள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதை 2016-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் ஒரு சோதனையில் காட்டினார்கள். குட்டிகளைச் சிறிது நேரம் தாயிடமிருந்து பிரித்துத் தனியே வைத்தபோது எழுந்த கத்தலை ஒரு பதிவாகவும், தனியே இருக்கையில் கையாலும் பிடித்துத் தூக்கியபோது எழுந்த கத்தலை இன்னொரு பதிவாகவும் எடுத்துக்கொண்டார்கள். நமக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் கேட்கும். வளர்ந்த பூனைகளுக்குப் போட்டுக் காட்டியபோது, பதற்றம் கூடிய கத்தலுக்குப் பெட்டைகள் இன்னும் சீக்கிரமாகத் திரும்பின. கடுவன்களும் திரும்பின, ஆனால் இரண்டு கத்தலுக்கும் ஒரே மாதிரி. இதில் எனக்குப் பிடித்த செய்தி, குட்டியே போடாத பெட்டைகளும் அப்படித்தான் திரும்பின என்பது. தாய்மை அனுபவத்தில் வந்த காது இல்லை அது, கூடவே பிறந்தது.

தூக்கிப் போகும் தாய்ப் பூனையை நம் ஊர் மறந்ததில்லை. குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் கவ்விக் காப்பாற்றும், பக்தனுக்கு இறைவனும் அப்படியே என்று தென்கலை வைணவர்கள் மார்ஜார நியாயம் பேசினார்கள். அதைக் கண்ணெதிரே கண்டவர்கள் நியூயார்க்கின் புரூக்ளின் தீயணைப்பு வீரர்கள். 1996 மார்ச் மாதம் பாழடைந்த ஒரு கேரேஜ் தீப்பற்றி எரிந்தது. உள்ளேயிருந்து ஒரு தெருப் பூனை நான்கு வாரக் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி வந்தது. ஐந்து குட்டி, ஐந்து முறை நெருப்புக்குள். கண்கள் கொப்பளித்து மூடிக்கொண்டன, காதும் முகமும் வெந்துபோயின. வெளியே வந்ததும் அது ஒவ்வொரு குட்டியையும் மூக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. கண் தெரியாத நிலையில் எல்லாக் குட்டியும் வந்துவிட்டதா என்று எண்ணிப் பார்க்க அதற்கு மிச்சமிருந்தது மூக்குதான். ஸ்கார்லெட் என்று பெயர் வைத்தார்கள். பிழைத்து, இன்னும் 12 வருஷம் வாழ்ந்தது.

வளர்ந்த பூனையின் வேதனை இன்னொரு வளர்ந்த பூனைக்குப் புரிகிறதா என்பது அடுத்த கேள்வி. புரிவதற்கான கருவிகள் இருக்கின்றன. இத்தாலியின் பாரி பல்கலைக்கழகத்தில் 2020-ல் நடந்த சோதனையில், சீறும் பூனையின் படமும் சாந்தமான பூனையின் படமும் திரையில் காட்டி, கூடவே ஒரு குரலைப் போட்டார்கள். பூனைகள் குரலுக்குப் பொருந்திய முகத்தையே அதிக நேரம் பார்த்தன. சீறல் கேட்டபோது அவற்றின் படபடப்பும் கூடியது. 2022-ல் கியோட்டோ ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டார்கள். கூட வாழும் பூனையின் பெயரைச் சொல்லிவிட்டு வேறு பூனையின் முகத்தைக் காட்டினால், வீட்டுப் பூனை திரையை நீண்ட நேரம் உற்றுப் பார்க்கிறது. இன்னார் வரப்போகிறது என்று மனதில் எதிர்பார்த்திருந்தால்தான் அப்படிப் பார்க்கும்.

ஆக, கேட்கிறது, முகர்கிறது, யார் என்று தெரிகிறது. ஆனால் உதவி செய்யக் கிளம்புவது வேறு விஷயம். 2011-ல் சிகாகோவில் ஓர் எலியைச் சின்னக் குழாய்க்குள் அடைத்தபோது, வெளியே இருந்த எலி நாள்கணக்கில் முயன்று கதவைத் திறக்கக் கற்றுக்கொண்டது. பக்கத்தில் சாக்லேட் இருந்தும் அடைபட்ட எலியையும் திறந்துவிட்டது. எலி கூட்டத்தில் வாழும் பிராணி. பூனையிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை. துணை கூடையில் அடைபட்டுக் கத்தினால் பக்கத்தில் போய் உட்காரும், கம்பி வழியே மூக்கை நீட்டும். இல்லையென்றால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளியும். ஒளிவதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓலம் கேட்டால் அருகில் ஆபத்து இருக்கிறது என்பதுதான் அதன் கணக்கு. வேட்டையாடும் பிராணியாக இருந்தாலும், பெரிய விலங்குகளுக்குப் பூனையும் இரைதான்.

இன்னொரு விபரீதமும் நடக்கும். ஒரு பூனை அலமாரியிலிருந்து விழுந்து அலறுகிறது. அடுத்த நொடி இன்னொன்று அதன் மேலேயே பாய்கிறது. அதிர்ச்சியில் உடம்பெல்லாம் அட்ரினலின் ஏறிவிட்டது, எதிரி யார் என்று தெரியவில்லை, கண்ணில் பட்டது துணைப் பூனை. இப்படித் திசைமாறும் கோபத்தை 2008-ல் பார்சிலோனா கால்நடை ஆய்வாளர்கள் அலசியபோது, பெரும்பாலும் அதைத் தூண்டியவை திடீர்ச் சத்தமும் வேறு பூனைகளோடு ஏற்பட்ட உரசலும்தான். அந்த வெறி அடங்க மணிக்கணக்கு ஆகும், சிலதுக்கு நாள்கணக்கும் ஆகும். நடுவில் கையை விட்டுப் பிரிக்கப் போனால் கை போய்விடும். ஓர் அட்டையையோ தலையணையையோ இடையில் நுழைத்து, இரண்டையும் தனித்தனி அறையில் விட வேண்டும்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். செவலை உள் அறையில், கருப்பாயி கூடத்தில். அவள் படுக்கும் பழைய துண்டை அவன் உடம்பில் தேய்த்து விட்டோம், அவன் துண்டை அவள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டோம். முதல் நாள் அதைக் கண்டு சீறினாள். கதவுக்கு இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மீன் வைத்தோம். அவன் தன்னைத்தானே நக்கி நக்கி ஆஸ்பத்திரி வாடையைக் கழற்றிக்கொண்டே இருந்தான். அடுத்த முறை யாராவது ஒரு பூனையைக் கொண்டுபோனால், திரும்பும் கூடைக்குள் வீட்டுத் துணியை விரித்துக் கொண்டுபோங்கள், வந்ததும் நேரே மற்றதன் முன் திறக்காதீர்கள்.

திரும்பியே வராவிட்டால் என்ன ஆகும்? 2024-ல் மிச்சிகனின் ஓக்லாந்து பல்கலைக்கழகத்தில், கூட இருந்த பூனையோ நாயோ இறந்துபோன வீடுகளில் 412 பேரிடம் கேட்டார்கள். மிச்சமிருந்த பூனைகள் குறைவாகத் தூங்கின, குறைவாக உண்டன, விளையாட்டை விட்டன, ஒளிந்துகொண்டன, தேடுவதுபோல் அலைந்தன, மனிதர்களை அதிகமாக ஒட்டிக்கொண்டன என்று அவர்கள் சொன்னார்கள். எவ்வளவு நெருக்கம் என்பதைப் பொறுத்து இது கூடியது. துக்கத்தில் இருக்கும் மனிதர் தன் துக்கத்தையும் பூனை மேல் ஏற்றிப் பார்த்திருக்கலாம், ஆய்வாளர்களே அதைக் கணக்கில் எடுத்தார்கள். எப்படியானாலும், சாப்பிடாமல் கிடக்கும் பூனையை இரண்டு நாள் விட்டுவைக்கக் கூடாது. பட்டினியில் உடம்புக் கொழுப்பு ஈரலில் போய்ச் சேர்ந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும், குண்டுப் பூனைகளுக்கு இன்னும் சீக்கிரம்.

ஐந்தாம் நாள் மத்தியானம் கதவைத் திறந்தே வைத்தோம். கருப்பாயி வாசற்படியில் நின்று கழுத்தை மட்டும் நீட்டினாள். செவலை எழுந்திருக்கவில்லை, கண்ணைப் பாதி மூடிக்கொண்டான். மூக்கு, கன்னம், குழாய் ஊசிக்காக முடி மழித்த முன்னங்கால், வாலடி என்று முகர்ந்துகொண்டே சுற்றி வந்தாள். மழித்த இடத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு தன் கன்னத்தை அவன் கன்னத்தில் ஒரு முறை தேய்த்துவிட்டு, அவன் கழுத்தை நக்க ஆரம்பித்தாள்.