நாண் எங்கே போய் நிற்கிறது, தம்பி?

வில்வித்தை சொல்லிக்கொடுக்கும் என்னிடம் இதே குறையோடு வந்தவர்களில், இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். சோழிங்கநல்லூரில் வேலை. இணையத்தில் வாங்கிய ரிகர்வ் வில்லோடு (நுனிகள் வெளிப்பக்கம் வளைந்த வில்) ஞாயிறு காலை வந்தார். இழுக்க 45 பவுண்டு விசை வேண்டும். நாண் அடித்து அடித்து இடது முன்கை நாவற்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. முன்கையைக் காக்கும் ஆர்ம் கார்டு? வாங்கவில்லையாம்.

"சார், ஒரு நாள் நல்லா விழுது, மறுநாள் சுத்தமா விழல."

ஆறு அம்பு விடச் சொன்னேன். முதல் அம்புக்கு நாண் கடைவாய் வரை வந்தது. மூன்றாவதுக்குத் தாடையோடு சரி. ஆறாவதில் கை நடுங்கி, முகத்தைத் தொடும் முன்பே விட்டுவிட்டார். கேட்டால், "இது இன்ஸ்டிங்க்டிவ் சார், இலக்கைப் பார்த்தா போதும், கை தானா போகும்."

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். இன்ஸ்டிங்க்டிவ் என்றால் வில்லில் சைட் (குறிபார்க்கும் கருவி) கிடையாது, அம்புமுனையை வைத்துக் கணக்குப் போடுவதும் கிடையாது. அவ்வளவுதான். நாணைக் கண்ட இடத்தில் நிறுத்தலாம் என்று யார் சொன்னது? சைட் இல்லாத உங்களுக்கு நாண் பிடித்த கைதான் பின்பக்கக் குறி. அது அரை அங்குலம் ஏறி இறங்கினாலே அம்பின் கோணம் மாறிவிடும். வில்லில் எழுதியிருக்கும் 45 பவுண்டும் 28 அங்குல இழுப்புக்கான கணக்கு. ஓர் அங்குலம் குறைத்து இழுத்தால் இரண்டு மூன்று பவுண்டு போச்சு, அம்பு கீழே போகும். கண் என்ன செய்யும், பாவம்? அர்ஜுனனுக்குக் கிளியின் கண் மட்டும் தெரிந்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். அவன் கை எங்கே இருந்தது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அந்த வில்லைப் பரணில் போடுங்கள். தொடக்கத்துக்கு 20, 25 பவுண்டு தாராளம். சுட்டுவிரல் நுனி ஒவ்வொரு முறையும் கடைவாயில் அதே இடத்தில் பதியட்டும். இலக்குத்தாளைக் கழற்றிவிட்டு, அம்பைத் தாங்கும் தடுப்புக்கு நாலைந்து அடி முன்னால் நின்று, குறி பார்க்காமல் அம்பை விடுங்கள். போர் அடிக்கும். அடிக்கட்டும். காலையில் விரல் பிடியையும், மாலையில் நிற்கும் நிலையையும், ராத்திரி யூடியூப் பார்த்துவிட்டு அம்பையும் மாற்றினால் எது சரியானது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தோள் வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள்.

அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள், வில் உடையும். மே மாத வெயிலில் காருக்குள் வில்லை வைத்துவிட்டுப் போகிறவர்களை இன்னொரு நாள் திட்டுகிறேன். மொட்டை மாடியில் மட்டும் தயவுசெய்து பயிற்சி வேண்டாம். பக்கத்து மாடியில் ஒரு பாட்டி வடாம் காயப்போட்டுக்கொண்டிருப்பார்.