எடை கூடுது, ரத்தம் குறையுது: எப்படி?

"மூன்று வேளையும் வயிறு நிறையச் சாப்பிடுகிறேன், எடை 80 கிலோவைத் தாண்டிவிட்டது. ஹீமோகுளோபின் மட்டும் 9லேயே நிற்கிறதே?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

இது அபூர்வமான நிலை அல்ல. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15-49 வயதுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு எடை அதிகம், 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டும் சேர்ந்திருப்பவர்களும் நிறைய.

பாதிப் பதில் தட்டிலேயே இருக்கிறது. காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு மறுபடி தோசை. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டும். கலோரிக்குக் குறைவில்லை, இரும்புச்சத்துக்குத்தான் பஞ்சம். இருக்கிற கொஞ்சத்தையும் சாப்பிட்டவுடன் குடிக்கும் டீ தடுத்துவிடும். இதெல்லாம் தெரிந்த கதை.

மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்தது. குடல் செல்லுக்கு இரண்டு கதவுகள். உணவிலிருக்கும் இரும்பு ஒன்றின் வழியாகச் செல்லுக்குள் வருகிறது, ஃபெரோபோர்ட்டின் என்ற மற்றொன்றின் வழியாக ரத்தத்துக்குப் போகிறது. மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடலுக்குத் தனி வழி கிடையாது. அதனால் முழுக் கட்டுப்பாடும் இந்த இரண்டாவது கதவில்தான். அதை ஆள்வது கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். மொத்தமே 25 அமினோ அமிலங்கள் கொண்ட பொடியன். ஹெப்சிடின் வந்து ஒட்டிக்கொண்டதும், செல் அந்தக் கதவையே உள்ளே இழுத்துச் சிதைத்துவிடுகிறது! இரும்பு செல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. குடல் செல்லின் ஆயுளோ சில நாள்தான். அது உதிரும்போது இரும்பும் மலத்தோடு போய்விடும்.

ஏன் இந்த ஏற்பாடு? கிருமிகளுக்கும் இரும்பு வேண்டும். தொற்று வந்தால் அவற்றுக்குக் கிடைக்காதபடி இரும்பைப் பதுக்க, அழற்சிச் சமிக்ஞை கிடைத்ததும் கல்லீரல் ஹெப்சிடினைக் கூட்டுகிறது. வம்பு எங்கே என்றால், பெருத்த கொழுப்புத் திசுவும் இன்டர்லூகின்-6 என்ற அதே சமிக்ஞையை அனுப்புகிறது. கிருமி எதுவும் இல்லை. கல்லீரலுக்கு அது தெரியாதே.

சரி, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால்? வைட்டமின் சி இரும்பு உறிஞ்சலைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் 2015இல் வெளியான சுவிட்சர்லாந்து ஆய்வு ஒன்றில், இயல்பான எடையுள்ள பெண்களுக்கு அதனால் உறிஞ்சல் 56 சதவீதம் கூடியது. எடை அதிகமுள்ளவர்களுக்கு 28 சதவீதம்தான். வைட்டமின் சி உதவுவது முதல் கதவில். அடைத்துக் கிடப்பது இரண்டாவது. அதற்காக எலுமிச்சையை விட்டுவிடாதீர்கள், பாதிப் பலனும் பலன்தான். பீட்ரூட் ஜூஸை நம்புபவர்களிடம்தான் எனக்குச் சண்டை. அந்தச் சிவப்பு பீட்டலெய்ன் என்ற நிறமி. அதில் இரும்பு சொற்பம். கீரை, கொள்ளு, முட்டை, மீன் என்று தட்டை மாற்றலாம். சோற்றைக் குறைத்தால் எடையும் இறங்கும், கூடவே ஹெப்சிடினும் இறங்கும்.

ஹெப்சிடினை அளக்கும் சோதனை இன்னும் சாதாரண லேப்களுக்கு வரவில்லை. அதை மலிவாக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கினால் எவ்வளவோ நல்லது என்பது என் கட்சி.

அப்புறம், வாசகிக்கு ஒன்று. இரும்பு மாத்திரை போட்டாலும் ஹெப்சிடின் ஒரு நாளுக்கு ஏறி நிற்கும். இரும்புச்சத்துக் குறைந்த பெண்களிடம் நடந்த ஆய்வில், ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டபோது மாத்திரையிலிருந்து கூடுதல் பங்கு இரும்பு உடலில் சேர்ந்தது. உங்களுக்கு எது சரி என்று அடுத்த முறை டாக்டரிடம் கேளுங்கள்.