மந்திரத்துக்கு சட்டம் போடணும்னா எங்க பிடிக்கணும்?

போன வருஷம் நான் டிஎம்மா (கதைய நடத்தறவரா) இருந்து நடத்துன, கதை சொல்லி டைஸ் உருட்டி ஆடற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேம்ல ஒரு ப்ளேயர் ஆயுதக் கடைக்காரர் மேல சார்ம் பெர்சன்ங்கற, ஆள மயக்கி நண்பனா நினைக்க வைக்கற மந்திரத்த போட்டு வாளோட விலைய பாதியா குறைச்சுட்டான். எல்லாரும் கைதட்டிட்டு இருக்கும்போது பக்கத்துல இருந்த பொண்ணு மட்டும் "இது திருட்டு தானே, ஒரு மணி நேரம் கழிச்சு மயக்கம் தெளிஞ்சதும் அந்த ஆள் என்ன பண்ணுவாரு?"ன்னு கேட்டா. எனக்கு பதில் தெரியல, அன்னிக்கு ராத்திரியே ரூல்புக்க எடுத்து ஒவ்வொரு மந்திரமா ஒரு போலீஸ்காரர் பார்வையில படிக்க ஆரம்பிச்சேன்.

படிக்க படிக்க ஒண்ணு புரிஞ்சுது. ஒரு மந்திரத்த சட்டத்தால கட்டுப்படுத்த முடியுமாங்கறது அது எவ்வளவு ஆபத்துங்கறத பொறுத்தது கிடையாது, அது என்ன தடயம் விட்டுட்டு போகுதுங்கறத பொறுத்தது.

தீப்பந்து வெடிக்க வைக்கற ஃபயர்பால் மந்திரத்த எடுத்துக்கோங்க, பார்க்க பயங்கரமா இருக்கும், ஆனா சட்டத்துக்கு ரொம்ப ஈஸி. சத்தம், தீ, கருகின சுவர், தெரு முழுக்க சாட்சி, இருக்கற தீவைப்பு சட்டமே போதும். மனசுல கை வைக்கற மந்திரங்கள்தான் தலைவலி. 2014 ரூல்ஸ்படி சார்ம் பெர்சன் முடிஞ்சதும் தன்ன மயக்கினாங்கன்னு பாதிக்கப்பட்டவருக்கு தெரிஞ்சிடும், அதனால புகார் குடுக்க முடியும். ஒரு யோசனைய சொல்லி அத செய்ய வைக்கற சஜஷன் மந்திரத்துல அப்படி ஒரு வரியே இல்ல, தானா எடுத்த முடிவுன்னே அவர் கடைசி வரைக்கும் நினைச்சுட்டு இருக்கலாம். இந்த கேமோட உலகத்துல வர்ற வாட்டர்டீப் நகரத்து சட்டத்துல, சம்மதம் இல்லாம ஒரு குடிமகன மந்திரத்தால வளைச்சா 1000 தங்கக்காசு வரைக்கும் அபராதம்னு இருக்கு, சம்மதம்ங்கற வார்த்தைய பிடிச்சது ரொம்ப சரி, ஆனா சஜஷன் கேஸ்ல புகார் குடுக்கவே யாரும் வரமாட்டாங்களே.

சரி, கோர்ட்டுக்கு வந்துட்டாங்கன்னு வைப்போம். அங்க ஜோன் ஆஃப் ட்ரூத் இருக்கு, 15 அடி ஆரத்துக்குள்ள, 10 நிமிஷத்துக்கு, சேவ்ல (மந்திரத்துல இருந்து தப்பிக்க டைஸ் உருட்டறது) தோத்தவங்க தெரிஞ்சே பொய் சொல்ல முடியாது. சேவ் டிசி, அதாவது தப்பிக்க தேவையான எண், 15னு வைப்போம், சாட்சிக்கு போனஸ் எதுவும் இல்லன்னா தப்பிக்க 20 பக்க டைஸ்ல 15 இல்ல அதுக்கு மேல விழணும், அதாவது 30 சதவீதம். ஆனா உள்ள இருக்கற வரைக்கும் ஒவ்வொரு டர்னும் புதுசா சேவ் போடணும், ஆறு செகண்டுக்கு ஒரு டர்ன் வந்துடும், தொடர்ந்து மூணு தடவ தப்பிக்கற வாய்ப்பு 2.7 சதவீதம். தோத்தாங்களா ஜெயிச்சாங்களான்னு மந்திரம் போட்டவருக்கு தெரியும்ங்கறதால ஜட்ஜ் கொஞ்சம் பொறுமையா காத்திருந்தா போதும்.

இங்கதான் பெரிய ஓட்டை. அந்த மந்திரம் தடுக்கறது பொய்ய மட்டும்தான், தப்பான நம்பிக்கைய இல்ல. மாடிஃபை மெமரி போட்டு கடந்த 24 மணி நேரத்துல நடந்த ஒரு 10 நிமிஷத்த மாத்திட்டா, சாட்சி முழு நேர்மையோட நடக்காத ஒண்ண சொல்லுவாரு, மந்திரமும் அத விட்டுரும். இதுக்கு தீர்வும் அதே ரூல்ல இருக்கு, சாபத்த நீக்கற ரிமூவ் கர்ஸ் மந்திரத்த போட்டா உண்மையான நினைவு திரும்பிடும். அப்போ கோர்ட் நடைமுறை எப்படி இருக்கணும்னா, முதல்ல ரிமூவ் கர்ஸ், அப்புறம் ஜோன் ஆஃப் ட்ரூத், அதுக்கப்புறம்தான் கேள்வி, இந்த வரிசை மாறினா சாட்சியம் செல்லாதுன்னு எழுதி வைக்கணும்.

கொலை கேஸ் இன்னும் சுவாரஸ்யம். ஸ்பீக் வித் டெட்ல பிணத்துக்கிட்ட அஞ்சு கேள்வி கேக்கலாம், வாய் இருந்தா போதும். ஆனா ஒரு தடவ போட்டா அடுத்த 10 நாளைக்கு அதே பிணத்துல வேலை செய்யாது. அப்போ புத்திசாலி கொலைகாரன் என்ன பண்ணுவான், கொன்னதும் தானே முதல்ல போட்டு அஞ்சு கேள்விய வீணடிச்சிடுவான், 10 நாளைக்கு விசாரணை நின்னுடும். அதனால அனுமதி இல்லாம பிணத்தோட பேசறதே சாட்சியத்த அழிக்கற குற்றம்னு அந்த உலகத்துல தனி சட்டம் வேணும். ரூல்புக்ல இருக்கற ஒரே ஒரு வரி ஒரு சட்டப்பிரிவையே பிறக்க வைக்குது பாருங்க, எனக்கு இது ரொம்ப பிடிச்ச விஷயம்.

பொருள் வழியாவும் பிடிக்கலாம். செத்தவங்கள எழுப்பற ரெய்ஸ் டெட் மந்திரத்துக்கு 500 தங்கக்காசு மதிப்புள்ள வைரம் வேணும், அது கரைஞ்சு போயிடும். வைர வியாபாரத்துக்கு லெட்ஜர் வச்சா யார் யாரை எழுப்பறாங்கன்னு தெரிஞ்சிடும், நிஜ உலகத்துல அமோனியம் நைட்ரேட் விக்க லைசென்ஸ் கேக்கற மாதிரி. மந்திரம் இருக்கறத கண்டுபிடிக்கற டிடெக்ட் மேஜிக்க மெல்லிசான ஈயத் தகடே மறைச்சிடும், அதனால ஈயத்துக்கும் ஒரு லெட்ஜர் வேணும்.

ஆளையே லைசென்ஸ்ல கட்டறது தான் நிறைய கேம்ல வர்ற வழி. பால்டர்ஸ் கேட் 2ல அத்காட்லா நகரத்துல மந்திரம் போடற லைசென்ஸ் 5000 தங்கக்காசு, காசு இருக்கறவனுக்கு மட்டும் மந்திரம். டிராகன் ஏஜ்ல மந்திர சக்தியோட பிறக்கற குழந்தைங்கள டவர்ல அடைச்சு, ஓடிப்போனா தேடிப் பிடிக்க அவங்க ரத்தத்த குப்பியில எடுத்து வைக்கறாங்க. எனக்கு இது ரெண்டுமே ஏத்துக்க முடியல, விஸார்டுங்கற வகை மந்திரவாதிக்கு புத்தகமும் குருவும் வேணும் அதனால படிப்புக்கு லைசென்ஸ் குடுக்கறதுல அர்த்தம் இருக்கு, சார்சரர்ங்கற வகை பிறவியிலேயே மந்திர சக்தியோட வர்றவங்க, பிறந்ததுக்கு எப்படி அபராதம் போடுவீங்க?

தடயம் இல்லாத குற்றத்துக்கு சட்டம் போட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு நிஜ வரலாறே இருக்கு. 1692ல அமெரிக்காவுல இருக்கற சேலம்ல "அவளோட ஆவி உருவம் வந்து என்ன கிள்ளுச்சு"ன்னு சொன்னதையே கோர்ட் ஆதாரமா எடுத்துக்கிச்சு, 19 பேர தூக்குல போட்டாங்க. அடுத்த வருஷம் புது கோர்ட் அந்த மாதிரி சாட்சியத்த ஏத்துக்கல, கிட்டத்தட்ட எல்லாரும் விடுதலை ஆனாங்க. சூனியம் அப்போவும் சட்டப்படி குற்றமாதான் இருந்துச்சு, முக்கியமா மாறினது எது ஆதாரம்ங்கற விதிதான்.

அடுத்த செஷன்ல நான் அந்த கடைக்காரர காவலரோட கூட்டிட்டு வந்தேன். மயக்கம் தெளிஞ்ச நேரம், வாளோட பழைய விலை, விக்கும்போது கடையில நின்ன பையனோட பேரு, மூணும் ஒரு தாள்ல எழுதி கையில வச்சிருந்தாரு. ப்ளேயர் மீதி பாதி காசையும் அபராதத்தையும் கட்டினான், அந்த பொண்ணு அந்த நகரத்துக்கு வக்கீல் கேரக்டர் ஒண்ணு எழுதிட்டு இருக்கா.